வீட்டுக்கு ஒரு அட்டை

ரவிசங்கர்: மறுபடியும் எண்ணப் போறீங்களா? இது நாலாவது தடவை.

கிருசாந்தி: மூண்டாவது. முதல் தரம் எண்ணேக்கை பாஸ்கரன் மாமா தேத்தண்ணி கொண்டுவந்து குழப்பிப்போட்டார். அது கணக்கிலை இல்லை.

ரவிசங்கர்: சரி, மூணாவது. ஒவ்வொரு தடவையும் அதே நம்பர்தானே வருது? புது முறை வேணும்னு முப்பத்தொண்ணு, வேணாம்னு முப்பது. கதவைத் திறந்து சொல்லிட வேண்டியதுதானே?

கிருசாந்தி: ஐயோ, கதவைத் திறக்காதேங்கோ!

ரவிசங்கர்: கதவு இல்லைங்க, ஜன்னல். ஸ்கூல் மேடைக்குப் பின்னாடி இப்படி ஒரு ரூம்... பழைய திரைச்சீலை, நாடகத்துக்குச் செஞ்ச அட்டை மரம்... போன வருஷம் ஒக்லண்ட் டவுன்ல அஞ்சு வாரம் கரண்ட் இல்லாம ஆபீஸுக்குப் பதினாலு மாடி ஏறினேன். அப்பக்கூட இவ்வளவு வேர்க்கலை.

கிருசாந்தி: கொஞ்சம் பொறுங்கோ... முப்பத்தொண்டு, முப்பது, செல்லாதது ரெண்டு. அறுபத்து மூண்டு. குடுத்த அட்டையும் அறுபத்து மூண்டு. சரி.

ரவிசங்கர்: அந்தச் செல்லாத ரெண்டுல என்னதான் எழுதியிருக்கு?

கிருசாந்தி: ஒண்டிலை ‘யோசிச்சுச் சொல்லுறன்’. மற்றதிலை ‘எதெண்டாலும் சந்தோசம்’.

ரவிசங்கர்: ரெண்டாவது ஆளை எங்க கிளைக்கு அனுப்பிடுங்க. எங்களுக்கு ஏத்தவர்.

கிருசாந்தி: பகிடி விடாதேங்கோ ரவி அண்ணா.

ரவிசங்கர்: நீங்க முகத்தை அப்படி வச்சிருந்தா வேற என்ன பண்றது? ஜெயிச்சாச்சு. மனுரேவா கிளை ஒத்துக்கிச்சு, எங்க மேற்குக் கிளை ஒத்துக்கிச்சு, இப்ப உங்க த்ரீ கிங்ஸ் கிளையும். அடுத்த தேர்தல்ல மூணு கிளைக்கும் ஒரே தாள், ஒரே பெட்டி, ஒரே நாள், ஆளுக்கு ஒரு ஓட்டு. எட்டு மாசமா நீங்க எழுதின திட்டம்!

கிருசாந்தி: நான் வெல்லேல்லை. நான் தமிழ்ச் சங்க ஒன்றியத்தின்ர செயலாளர். எண்ணுற ஆள்.

ரவிசங்கர்: எண்ணுற ஆள் சிரிக்கக் கூடாதுன்னு திட்டத்துல எத்தனாவது பக்கம்?

கிருசாந்தி: பதினொராம்... இல்லை, அப்பிடி ஒண்டும் இல்லை!

ரவிசங்கர்: ஒரு நிமிஷம் நிஜமாவே தேடினீங்க.

கிருசாந்தி: உங்களுக்கென்ன. உங்கடை கிளையிலை எண்ணுற வேலையே இல்லை.

ரவிசங்கர்: எதுக்கு எண்ணணும்? ஒருத்தர் எழுந்து ‘முன்மொழிகிறேன்’பார். இன்னொருத்தர் ‘வழிமொழிகிறேன்’பார். எல்லாரும் கை தட்டுவோம். ஏகமனதா முடிஞ்சிடும்.

கிருசாந்தி: விருப்பமில்லாத ஆக்கள்?

ரவிசங்கர்: மெதுவா தட்டுவாங்க.

கிருசாந்தி: ம்... மனுரேவா உங்களை வெல்லும். அங்கை கை உயர்த்திறது. போன மாசம் நான்தான் எண்ணினன். மண்டபத்திலை நாப்பத்தாறு பேர். எழுபத்தொரு கை.

ரவிசங்கர்: எப்படிங்க?

கிருசாந்தி: ஒரு கை தனக்கு. மற்றது ஃபாக்டரியிலை ஷிஃப்டிலை நிக்கிற மனுசிக்கு. ஒருத்தர், மச்சானுக்கும் சேர்த்தெண்டு காலையும் தூக்கினார்.

ரவிசங்கர்: காலை எண்ணினீங்களா?

கிருசாந்தி: பழைய முறையிலை கால் பற்றி ஒண்டும் எழுதியிருக்கேல்லை. அதாலை எண்ணேல்லை.

ரவிசங்கர்: இதைத்தானே மாத்தணும்னு கிளம்பினோம்! போன வருஷம் ஒன்றியத் தலைவர் தேர்தல்ல, உங்க அட்டையையும் அவங்க கையையும் எங்க தட்டலையும் எப்படிக் கூட்டுறதுன்னு தெரியாம...

கிருசாந்தி: நாலு மாசம் தலைவரே இல்லை. பொங்கல் விழாவும் நிண்டுபோச்சு. இந்த நாடு முழுக்கத் தேர்தலெண்டால் தெற்கு முனை இன்வெர்கார்கிலிலையும் அதே தாள், ஒக்லண்டிலையும் அதே தாள். மூண்டு வருசத்துக்கு முன்னாலை முறையையே மாத்திப்போட்டு, எல்லா ஊரிலையும் ஒரே நாள்லை கட்சிக்கு ஒண்டு, ஆளுக்கு ஒண்டு எண்டு ரெண்டு டிக் போட்டினம். எங்களாலை ஒரு ஊருக்குள்ளை ஏலாதோ?

ரவிசங்கர்: முடிஞ்சுதே. முப்பத்தோரு ‘ஓம்’! எனக்குக் கோயில்ல உக்காந்து ஜபம் பண்ணின மாதிரி இருந்துச்சு. உங்க ஊர்ல ‘ஆமா’க்கு அதான்னு தெரியும், இருந்தாலும்...

கிருசாந்தி: அதிலை ஒரு ஓம்தான்...

ரவிசங்கர்: என்ன?

கிருசாந்தி: ஒண்டுமில்லை.

ரவிசங்கர்: கிருசாந்தி. நானும் அரை மணி நேரமா பாத்துட்டு இருக்கேன். ஒவ்வொரு தடவை எண்ணும்போதும் ஒரே ஒரு அட்டையை மட்டும் தனியா எடுத்துக் கவுத்து வைக்கிறீங்க. நான் மேற்குக் கிளைப் பார்வையாளர். பாக்கிறதுதான் என் வேலை. அது யாரோடது?

கிருசாந்தி: ...அது அம்மான்ர எழுத்து.

ரவிசங்கர்: அன்னபாக்கியம் ஆன்ட்டியா? ரெண்டே எழுத்துதானே! அதை வச்சு எப்படிச் சொல்றீங்க?

கிருசாந்தி: ஓவன்னாவின்ர வாலைக் கீழை இழுத்து ஒரு சுழி சுழிச்சு விடுவா. கிழமைக்குக் கிழமை கடைச்சாமான் துண்டிலை ‘ஓட்ஸ்’ எண்டு எழுதித் தாறவ. ஆயிரத்திலையும் கண்டுபிடிப்பன்.

ரவிசங்கர்: அப்ப இது... உங்க வீட்டு அட்டை.

கிருசாந்தி: ஓம். வீட்டுக்கு ஒரு அட்டை. எங்கடை வீட்டு அட்டை அப்பா எழுத வேண்டியது.

ரவிசங்கர்: உங்க அப்பா இப்பத்தான் மேடையில கால் மணி நேரம் நின்னு ‘வீட்டுக்கு ஒரு குரல் போதும், வீட்டுக்குள்ள ரெண்டு கட்சி வேணாம்’னு...

கிருசாந்தி: கேட்டனான்.

ரவிசங்கர்: நல்லாப் பேசினாரு. பாதியில நானே கை தட்டப் பாத்தேன், பழக்க தோஷம்.

கிருசாந்தி: ஒன்பது வருசமா இந்தக் கிளைத் தலைவர். அவர் இல்லை எண்டால் இல்லைதான். அட்டையிலை ஓம் எண்டு இருக்கு. அதுவும் அம்மான்ர கையாலை.

ரவிசங்கர்: அட... ஆன்ட்டி! கூட்டத்துல ஒரு வார்த்தை பேச மாட்டாங்களே!

கிருசாந்தி: வீட்டிலையும்தான். ‘அப்பாட்டைக் கேள்’ எண்டதுதான் அவ கூடச் சொன்ன வசனம்.

ரவிசங்கர்: சரி, இதுல என்ன பிரச்சினை? சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே?

கிருசாந்தி: ஆறாம் விதி. பழைய முறை முடியுமட்டும் பழைய விதிதான். ‘குடும்பத் தலைவர் தன் கையால் எழுத வேண்டும். விரும்பினால் வீட்டில் வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுக்கலாம். கொடுத்தால் கிளைத் தலைவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுதிய அட்டை செல்லாது.’

ரவிசங்கர்: அப்ப, உங்கப்பாவுக்குத் தெரியாம உங்கம்மா எழுதியிருந்தா...

கிருசாந்தி: முப்பதுக்கு முப்பது.

ரவிசங்கர்: சமமா வந்தா?

கிருசாந்தி: பழைய முறையே இருக்கும். மூண்டு கிளையும் ஒத்துக்கொண்டால்தான் திட்டம். ஒரு கிளை இல்லையெண்டால் மனுரேவாவும் போச்சு, உங்கடையும் போச்சு.

ரவிசங்கர்: ...கிருசாந்தி, நான் ஒண்ணு சொல்லட்டா? நீங்க எதையும் பாக்கலை. ஒரு அட்டை, அதுல ஒரு ஓம். அவ்வளவுதான். எனக்கு ஆன்ட்டி எழுத்தும் தெரியாது, அங்கிள் எழுத்தும் தெரியாது.

கிருசாந்தி: எனக்குத் தெரியுமே.

ரவிசங்கர்: தெரியாத மாதிரி...

கிருசாந்தி: ஏலாது. ஒளிச்சுக் கொண்டுவந்த வாக்கிலை ஒரு நேர்மையான முறையைத் தொடங்கேலாது அண்ணா. நாளைக்கு ஆரும் கேட்டால் நான் அந்தப் பதினாலு பக்கத்தையும் எந்த முகத்தோடை தூக்கிக் காட்டுறது?

ரவிசங்கர்: அப்ப போய் அப்பாகிட்டக் கேளுங்க.

கிருசாந்தி: என்னண்டு கேக்கிறது? ‘அப்பா, எங்கடை அட்டையிலை ஓம் எண்டு எழுதினது நீங்களோ?’ எண்டோ? கேட்ட உடனை அம்மா பிடிபட்டிடுவா. வெளியிலை அறுபது குடும்பம் நிக்குது. ‘மகேசன்ர மனுசி மகேசனுக்கு எதிரா எழுதிப்போட்டா’ எண்டு அடுத்த கோயில் திருவிழா மட்டும் கதைப்பினம்.

ரவிசங்கர்: கேட்டா அம்மா. கேக்கலைன்னா...

கிருசாந்தி: கேக்காட்டில் நான். பொய்க்காரி.

ரவிசங்கர்: ம்... ஒண்ணு கவனிச்சீங்களா? உங்க திட்டத்துல அச்சடிச்ச தாள், ஒரு டிக் மட்டும்னு போட்டிருக்கீங்க. அப்படி இருந்தா இந்தத் தொல்லையே இல்லை. டிக்கைப் பாத்து யாருதுன்னு எவனாலயும் சொல்ல முடியாது.

கிருசாந்தி: நான் அதைப் போட்டது நீங்கள் ஆமா எண்டும், நாங்கள் ஓம் எண்டும் எழுதிக் குழம்பாமல் இருக்க. இதை நான் யோசிக்கவேயில்லை. ஒன்பது வருசமா இந்த அட்டையளை எண்ணினவைக்கு ஆர் என்ன எழுதினதெண்டு எல்லாம் தெரிஞ்சிருக்குமே... ரகசிய வாக்கெண்டு சொல்லிச் சொல்லி...

ரவிசங்கர்: பாத்தீங்களா, யோசிக்காமலே சரியாச் செஞ்சிருக்கீங்க.

கிருசாந்தி: அது பாராட்டோ?

ரவிசங்கர்: கொஞ்சம்.

கிருசாந்தி: ஒரு விசயம் சொல்லட்டே? சிரிக்கக் கூடாது. முதல் தரம் அந்தச் சுழியைக் கண்ட உடனை எனக்குப் பயம் வரேல்லை. நெஞ்செல்லாம் ஒரு... என்னெண்டு சொல்லுறது... என்ர அம்மா எண்டு கத்தோணும் போலை இருந்தது. பாஸ்கரன் மாமாவின்ர தேத்தண்ணியாலை குழம்பினதெண்டது பொய். இதாலைதான் எண்ணிக்கை விட்டது.

ரவிசங்கர்: பாவம் பாஸ்கரன் சார். நல்ல டீ அது.

கிருசாந்தி: பயம் பிறகுதான் வந்தது.

ரவிசங்கர்: சரி, இப்படிப் பண்ணலாம். பொறுப்பு கொடுத்தா கிளைத் தலைவர்கிட்டச் சொல்லணும்னுதானே விதி? அப்ப அவர் கையில ஒரு லிஸ்ட் இருக்கணும். எந்தெந்த வீட்டுல வேற ஆள் எழுதினாங்கன்னு. அந்த லிஸ்டைக் கேளுங்க. எல்லா வீட்டுக்கும் சேத்துக் கேக்கிறீங்க, உங்க வீட்டைத் தனியா கேக்கலை.

கிருசாந்தி: ...லிஸ்டிலை எங்கடை வீடு இருந்தால் அட்டை செல்லும்.

ரவிசங்கர்: இல்லைன்னா...

கிருசாந்தி: இல்லையெண்டால் நானே அதை எடுத்துச் செல்லாததோடை வைப்பன். ஏனெண்டு ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். முப்பதுக்கு முப்பது எண்டு அறிவிப்பம்.

ரவிசங்கர்: எட்டு மாச வேலைங்க.

கிருசாந்தி: தெரியும். திரும்ப எழுதலாம். அம்மாவைத் திரும்ப...

ரவிசங்கர்: யாரோ தட்டுறாங்க.

கிருசாந்தி: அப்பான்ர தட்டு. ரெண்டு, பிறகு ஒண்டு. கெதியா அந்த அட்டையைக் கட்டுக்குள்ளை வையுங்கோ. நடுவிலை. நடுவிலை! எலாஸ்டிக் போடுங்கோ.

ரவிசங்கர்: போட்டாச்சு. வாங்க சார், வாங்க!

மகேசன்: என்ன பிள்ளையள், அட்டையை எண்ணுறியளோ, அச்சடிக்கிறியளோ? வெளியிலை ரோல்ஸ் முடிஞ்சுது, வடை முடிஞ்சுது. இனிச் சண்டை தொடங்கும்.

கிருசாந்தி: முடிஞ்சுது அப்பா.

மகேசன்: முடிஞ்சால் சொல்லன். நானெல்லோ மேடையிலை அறிவிக்க வேணும்.

கிருசாந்தி: முடிவுக்கு முதல் ஒரு கேள்வி இருக்கு.

மகேசன்: மகளாக் கேக்கிறியோ, செயலாளராக் கேக்கிறியோ?

கிருசாந்தி: செயலாளரா.

மகேசன்: அப்ப நான் கதிரையை இழுத்துப்போட்டு இருக்கிறன். கேள்.

கிருசாந்தி: ஆறாம் விதிப்படி...

மகேசன்: அந்த விதியை எழுதினதே நான்தான். ம்.

கிருசாந்தி: அட்டை எழுதுற பொறுப்பை வீட்டிலை வேறை ஆளிட்டைக் குடுத்த குடும்பங்கள் எத்தினை? உங்களிட்டை ஒரு பட்டியல் இருக்குமே.

மகேசன்: ஏன், ஏதும் அட்டையிலை பிசகோ?

கிருசாந்தி: இல்லை... பொதுவாக் கேக்கிறன். அறிக்கையிலை எழுத.

மகேசன்: தம்பி, பொதுவாத்தான் கேக்கிறாவோ?

ரவிசங்கர்: ரொம்பப் பொதுவா சார்.

மகேசன்: ம்... கண்ணை நிமித்திக் கேக்கிற பிள்ளை இண்டைக்கு ஏன் மேசையைப் பாத்துக் கேக்குது எண்டு யோசிச்சன். சரி. பொக்கற்றிலைதான் துண்டுக் கடுதாசி கிடக்கு. இந்தா... கதிர்காமநாதன் வீடு. ஆளுக்குக் கண் ஒப்பரேசன். குணவதி எழுதினவ.

கிருசாந்தி: ஒண்டு.

மகேசன்: சுந்தரமூர்த்தி வீடு. ஆள் வெலிங்டனுக்குப் போட்டார். தமக்கை பங்கஜம் எழுதினவ.

கிருசாந்தி: ரெண்டு.

மகேசன்: அவ்வளவுதான் துண்டிலை இருக்கு.

கிருசாந்தி: ...வேறை இல்லையோ?

மகேசன்: துண்டிலை வேறை இல்லை.

ரவிசங்கர்: சார், தண்ணி குடிக்கிறீங்களா? கிருசாந்தி, நீங்க குடிக்கிறீங்களா?

கிருசாந்தி: வேண்டாம். சரி அப்பா. நன்றி. அப்ப... நான் இந்தக் கட்டை இன்னொருக்கால் அவிழ்க்க வேணும். ஒரு அஞ்சு நிமிசம் வெளியிலை நில்லுங்கோ.

மகேசன்: ஏன் அவிழ்க்க வேணும்?

கிருசாந்தி: செயலாளர் அதைச் சொல்லத் தேவையில்லை.

மகேசன்: குரல் ஏன் அப்பிடிப் போகுது?

கிருசாந்தி: ஒண்டுமில்லை. சன்னல் திறந்து கிடக்கு.

மகேசன்: இரு பிள்ளை. குணவதி சற்று முன்னம் என்னைப் பிடிச்சு நிறுத்தினவ. ‘தகப்பன் மேடையிலை கதைக்க, மகள் அதுக்கு எதிரா நிக்குது, இதென்ன பிள்ளை வளர்ப்பு’ எண்டா. நான் கேட்டன், ‘எதிர்க்கிறதுக்கு என்ர பிள்ளை பதினாலு பக்கம் எழுதினது, நீங்கள் அதிலை ஒரு பக்கம் வாசிச்சியளோ’ எண்டு. வடைத் தட்டுப் பக்கம் போட்டா.

கிருசாந்தி: நீங்கள் வாசிச்சனீங்களோ?

மகேசன்: ரெண்டு தரம். ஒன்பதாம் பக்கத்திலை கூட்டல் பிழை ஒண்டும் இருக்கு, பேந்து காட்டுறன். பதினாலும் வாசிச்சுத்தான் எதிர்த்தனான். இப்பவும் எதிர்ப்புத்தான். அதை நான் கால் மணித்தியாலம் மைக்கைப் பிடிச்சுச் சொன்னன்.

கிருசாந்தி: கேட்டனான் அப்பா. வடிவாக் கதைச்சியள். இப்ப வெளியிலை போங்கோ.

மகேசன்: துண்டிலை வேறை இல்லையெண்டுதான் சொன்னன். வேறை வீடு இல்லையெண்டு சொல்லேல்லை.

கிருசாந்தி: ...என்ன?

மகேசன்: மூண்டாவது வீடு ஒண்டு இருக்கு. துண்டிலை எழுதேல்லை.

ரவிசங்கர்: எழுதணுமே சார். கிளைத் தலைவர்கிட்டச் சொல்லணும்னு விதி இருக்கே.

மகேசன்: சொல்லத்தான் வேணும் தம்பி, எழுத வேணுமெண்டு விதியிலை இல்லை. அந்த வீட்டுக்காரர் முறைப்படி தலைவரிட்டைச் சொன்னவர். காரிலை, டொமினியன் ரோட்டுச் சிவப்பு லைட்டிலை நிக்கேக்கை.

கிருசாந்தி: காரிலை உங்களோடை ஆர் வந்தது? அம்மா மட்டும்தானே...

ரவிசங்கர்: அது யார் வீடு சார்?

மகேசன்: நீங்கள் பார்வையாளர். பாருங்கோ, கேக்காதேங்கோ.

கிருசாந்தி: நான் கேக்கிறன். ஆற்ற வீடு அப்பா?

மகேசன்: எங்கடை வீடு. வீட்டுக்காரரும் நான், தலைவரும் நான், எனக்கு நானே சொன்னன். போன வெள்ளி கொம்மா தோசை சுட்டுக்கொண்டு நிண்டு ஒரு கேள்வி கேட்டவ: ‘வீட்டுக்கு ஒரு குரல் எண்டு ஒன்பது வருசமாச் சொல்லுறியள், அது ஆற்ற குரல்?’ எண்டு. என்ர கதையைத்தான் நான் மைக்கிலை சொல்லப்போறனே, அட்டையும் எனக்கெண்டால் எனக்கு ரெண்டு தரம், அவவுக்கு ஒருதரமும் இல்லை. அதாலை வெறும் அட்டையை அவவின்ர கையிலை குடுத்து, ‘எனக்குக் காட்டாமல் எழுதிப் போடு’ எண்டனான். என்ன எழுதினவ எண்டு நான் கேக்கேல்லை, அவவும் சொல்லேல்லை. நீ அவவின்ர எழுத்தைக் கண்டுபிடிச்சிருப்பாய் எண்டு எனக்குத் தெரியும், பிள்ளை, அதாலை இப்ப அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பி நிண்டுகொண்டு முடிவைச் சொல்லு, உன்ர முகத்தைப் பாத்தால் அவ என்ன எழுதினவ எண்டு எனக்கு விளங்கிப் போடும்.